முழங்காலுக்குள் விழும் குழி: குருத்தெலும்பையும் அடியெலும்பையும் எந்த அளவுக்குச் சரிசெய்ய முடியும்?

முழங்கால் வலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து வருகிறவர்களின் அறிக்கையில் ‘ஆஸ்டியோகாண்ட்ரல் டிஃபெக்ட்’, ‘கிரேடு 4’, ‘மேரோ எடிமா’ போன்ற சொற்கள் இருக்கின்றன. நாகர்கோவிலில் பார்க்கும் மருத்துவர் குருத்தெலும்பு பெயர்ந்திருக்கிறது, துளையிட வேண்டும் என்று சொல்லலாம். இன்னொரு கருத்துக் கேட்கக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனால், செல் வளர்த்து வைக்கலாம் என்று சொல்லலாம். ஊரில் உள்ளவர்களோ தேய்மானம்தானே, எண்ணெய் போட்டால் போதும் என்பார்கள். எல்லோரும் ஒரே கால்முட்டைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்ற ஐயம் நோயாளிக்கு வருவது இயல்பு. இந்தக் குழப்பத்தில் பாதி சொற்களில் தொடங்குகிறது. மீதி, எந்தப் பழுதுக்கு எந்த அறுவை என்பதை யாரும் உட்கார்ந்து விளக்காததால் வருகிறது.

ஒரே ‘ஜவ்வு’, மூன்று பொருள்கள்

குமரி மாவட்டத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் ‘ஜவ்வு’ என்ற ஒரு சொல்லே மூட்டுக்குள் இருக்கும் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு வழங்குகிறது. முதலில் இவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. லிகமென்ட்: எலும்பை எலும்போடு கட்டி நிறுத்தும் நார்க்கயிறு. தூத்தூர்க் கடற்கரையில் கால்பந்து ஆடும் இளைஞர் ஊன்றிய காலோடு உடலைத் திருப்பும்போது ‘டப்’ என்ற ஓசையுடன் அறுவது பெரும்பாலும் முன்புறக் குறுக்கு லிகமென்ட்.

2. மெனிஸ்கஸ்: தொடையெலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் இடையில் பிறை வடிவில் கிடக்கும் இரண்டு மெத்தைகள். இவை கிழியலாம், சில கிழிசல்களைத் தைக்கலாம்.

3. மூட்டுக் குருத்தெலும்பு: எலும்பின் முனையிலேயே ஒட்டிப் பூசியதுபோல் இருக்கும் வழுவழுப்பான பரப்பு. இந்தக் கட்டுரை பேசுவது இதையும், இதற்கு அடியில் உள்ள எலும்பையும் பற்றி.

லிகமென்ட் அறுந்த நாளிலேயே குருத்தெலும்பிலும் அடி விழுந்திருக்கலாம் என்பதால், ஒரே முழங்காலில் இம்மூன்றும் சேர்ந்து பழுதாவது அரிதன்று. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

கோழிக்காலில் காண்பது

கறிக்கு வெட்டிய கோழியின் தொடையையும் காலையும் மூட்டில் பிரித்தால், எலும்பு முனையில் நீலம் கலந்த வெண்மையில் ஒரு தொப்பி பளபளப்பதைக் காணலாம். விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கத்தி முனையால் மெல்லச் சுரண்டினால் ரத்தமே வராமல் சீவல் சீவலாகப் பெயரும். இன்னும் ஆழமாகச் சுரண்டும்போது சட்டென்று நிறம் மாறிச் சிவந்த, சொரசொரப்பான எலும்பு தட்டுப்படும். மனித முழங்காலிலும் அமைப்பு இதுவே. குருத்தெலும்பின் தடிமன் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர். குமரி வழக்கில் சிரட்டை என்று சொல்லும் முழங்கால் சில்லின் பின்புறத்தில் இதைவிடச் சற்றுக் கூடுதல்.

இந்த மெல்லிய பரப்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். கொலாஜன் என்ற புரத இழைகளின் வலைக்குள் அந்தத் தண்ணீர் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சமதரையில் நடக்கும்போதே உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை முழங்காலில் இறங்குகிறது. குலசேகரம் பக்கத்து மலைச்சரிவில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் மரத்துக்கு மரம் குனிந்து எழும்போதும், ‘அண்டி ஆபீஸ்’ என்று வழங்கும் முந்திரி ஆலையில் பெண்கள் காலை மடித்துத் தரையில் உட்கார்ந்து பருப்பெடுக்கும்போதும், சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் இன்னும் அதிகம். இவ்வளவையும் தாங்கி, அடியெலும்புக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே குருத்தெலும்பின் வேலை.

ஏன் தானாக ஆறுவதில்லை?

தோலில் காயம் பட்டால் ரத்தம் உறைந்து, செல்கள் வந்து சேர்ந்து, தழும்பு உண்டாகிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் செல்கள் மூட்டு நீரிலிருந்து ஊறிவரும் சத்தைக்கொண்டு வாழ்கின்றன. தாம் இருக்கும் குழியை விட்டு நகர்ந்து வந்து காயத்தை மூட அவற்றால் இயலாது. புண்பட்ட குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீள்வதில்லை என்று வில்லியம் ஹன்டர் 1743-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதினார். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகியும் அந்த அடிப்படை மாறவில்லை.

ரப்பர் மரத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைத் தலைகீழாகச் சொன்னால் எளிதில் விளங்கும். மரத்தில் பட்டையை மட்டும் சீவினால் அது சில ஆண்டுகளில் சீராக வளர்ந்து மூடிவிடும். கத்தி தடியைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். குருத்தெலும்பிலோ மேலோட்டமான கீறல் ஆறுவதே இல்லை. காயம் எலும்பு வரைக்கும் இறங்கினால் மட்டுமே மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து குழி நிரம்புகிறது. ஆனால் அப்படி நிரம்புவது பழைய வழுவழுப்பான குருத்தெலும்பு அன்று. தழும்பு போன்ற, தரம் குறைந்த நார்க் குருத்தெலும்பு. அறுவை முறைகளில் ஒரு பகுதி இந்தக் கசிவை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. மற்றொரு பகுதி இதைத் தவிர்த்து அசல் குருத்தெலும்பையே கொண்டுவர முயல்கிறது.

நரம்பு இல்லாத பொருள் ஏன் வலிக்க வேண்டும் என்ற கேள்வி எழலாம். வலி, நரம்புள்ள அடியெலும்பிலிருந்தும் மூட்டின் உள்ளுறையிலிருந்தும் வருகிறது. அறிக்கையில் ‘மேரோ எடிமா’ என்றிருப்பது, அடியெலும்பின் மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதைக் குறிக்கும். தாங்க வேண்டியதற்கு மேல் அங்கே சுமை விழுவதன் அடையாளமாக அது பலமுறை அமைகிறது.

குழியா, தேய்மானமா?

எல்லா முடிவுகளும் தொங்கும் கேள்வி இது. நல்ல நிலையில் உள்ள மூட்டில் ஓரிடத்தில் மட்டும் குருத்தெலும்பு பெயர்ந்து, சுற்றிலும் திடமான கரையோடு ஒரு குழி இருப்பது ஒரு நோய். மூட்டு முழுவதும் மெலிந்து, எதிரெதிர்ப் பரப்புகள் இரண்டும் தேய்ந்து, ஓரங்களில் எலும்பு முளைத்திருப்பது மற்றொரு நோய். அதைத்தான் தேய்மானம் என்கிறோம். முதலாவது விபத்தில் அடிபட்டவருக்கும் விளையாட்டு வீரருக்கும் இளவயதில் வருவது. இரண்டாவது பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு வருவது. இக்கட்டுரையில் சொல்லப்படும் சீரமைப்பு அறுவைகள் அனைத்தும் முதலாவதற்கு உரியவை. கரையில்லாத இடத்தில் குழியை நிரப்ப முடியாது.

தேய்ந்த மூட்டுக்குள் சிறு துளை வழியே கேமராக் கருவியை விட்டுக் கழுவிச் சுரண்டிவிடும் அறுவை ஒரு காலத்தில் பரவலாகச் செய்யப்பட்டது. அமெரிக்காவில் 180 நோயாளிகளிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், உண்மையான அறுவை பெற்றவர்களைவிட, தோலை மட்டும் கீறித் தைக்கப்பட்டவர்களின் வலி கூடுதலாக இருக்கவில்லை. எனவே தேய்மானம் என்று உறுதியான முழங்காலுக்கு ‘உள்ளே சுத்தம் செய்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அதனால் என்ன பயன் என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. தேய்மானத்துக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து, காலை நேராக்கும் அறுவை, கடைசியாகச் செயற்கை மூட்டு என்று வேறு வரிசை இருக்கிறது. செயற்கை முழங்கால் மூட்டுக் கருவிகளுக்கு மத்திய அரசின் விலை ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்ததும், பெரும்பாலோருக்குப் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு அப்போது வரி நீங்கலாக ₹54,720 என நிர்ணயித்ததும் அந்த வரிசையின் கடைசிப் படியோடு தொடர்புடையவை.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை

1. ஆழம்: கிரேடு 1 என்பது மென்மை, 2 என்பது பாதி ஆழத்துக்குள் அடங்கும் வெடிப்பு, 3 என்பது பாதியைத் தாண்டியது, 4 என்றால் அடியெலும்பு வெளிப்பட்டுவிட்டது. ‘நாலாம் கிரேடு’ என்றதும் மூட்டையே மாற்ற வேண்டும் என்று அஞ்சுகிறவர்கள் பலர். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய இடத்திலும் கிரேடு 4 இருக்கலாம்.

2. பரப்பு: சதுர சென்டிமீட்டரில் சொல்லப்படுவது. 2 சதுர சென்டிமீட்டருக்குள்ளா வெளியேயா என்பதே பெரும்பாலும் அறுவை முறையைத் தீர்மானிக்கிறது.

3. எலும்பு: ‘ஆஸ்டியோ’ என்ற முன்னொட்டு எலும்பைக் குறிக்கும். குருத்தெலும்போடு எலும்பும் சேர்ந்து பெயர்ந்திருந்தால், எலும்பை நிரப்பாமல் மேற்பரப்பை மட்டும் சரிசெய்வது, பள்ளம் விழுந்த மண்ணை இறுக்காமல் மேலே தரை பூசுவதற்கு ஒப்பாகும்.

4. அறிக்கையில் இல்லாதது: கால் நேராக இருக்கிறதா என்பதை முழங்காலின் எம்.ஆர்.ஐ. சொல்லாது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் நீண்ட எக்ஸ்ரே அதற்குத் தேவை. இதை எடுக்காமலேயே அறுவைக்கு நாள் குறிப்பது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

அறுவை முறைகள்

1. பெயர்ந்த துண்டை மீண்டும் பொருத்துதல். சில்லு விலகும்போதோ நேரடி அடியிலோ எலும்போடு சேர்ந்து பெயரும் துண்டை, திருகாணியோ உடலில் கரையும் முளையோ கொண்டு அதே இடத்தில் பதிக்கலாம். சொந்தக் குருத்தெலும்பே திரும்பக் கிடைப்பதால், முடிகிற இடத்தில் இதற்கு நிகரான முறை வேறில்லை. 10 முதல் 20 வயதுக்குள் சிலருக்கு அடிபடாமலேயே தொடையெலும்பின் கீழ்முனையில் உருண்டிருக்கும் பகுதியில் (உருளையில்), உட்புறத்தில், ஒரு துண்டு தளர்வதுண்டு. எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தகடு இன்னும் மூடாத சிறுவர்களில் பலருக்கு, ஓட்டத்தையும் விளையாட்டையும் சில மாதங்கள் நிறுத்தினாலே அது ஒட்டிக்கொள்ளும்.

2. நுண்துளையிடல். அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980-களில் பரவலாக்கிய முறை. குழியின் கரையைச் செங்குத்தாகச் சீவி, அடியெலும்பில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசித் துளைகள் இட்டால், மஜ்ஜை கசிந்து உறைந்து நார்க் குருத்தெலும்பாக மாறுகிறது. ஒரே அறுவை, குறைந்த செலவு, தனியான ஆய்வகம் வேண்டாம். ஆகவே மாவட்ட அளவிலேயே செய்யக்கூடியது. இதன் குறைகளையும் அதே அளவுக்குச் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகள் நன்றாக இருந்து, ஐந்தாம் ஆண்டை ஒட்டிப் பலருக்குப் பயன் தேய்கிறது; நாற்பது வயதுக்கு மேலும், பெரிய குழிகளிலும் பலன் குறைவு. துளையிடப்பட்ட அடியெலும்பு கெட்டியாகி முண்டாக வளரவும், உள்ளே நீர்க்கட்டி விழவும் கூடும். அப்படிப்பட்ட இடத்தில் பின்னாளில் செல் வளர்ப்பு முறையைச் செய்தால் தோல்வி விகிதம் கூடுகிறது. ஆகவே பெரிய குழிக்கு ‘முதலில் எளிதானதைச் செய்து பார்ப்போம்’ என்பது செலவில்லாத சோதனை ஆகாது.

3. எலும்பும் குருத்தும் சேர்ந்த முளைகளை நடுதல். ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி 1992-இல் தொடங்கிய ‘மொசைக்’ முறை. அதே முழங்காலில் சுமை குறைவாக விழும் ஓரத்திலிருந்து உருளை வடிவில் முளைகளைத் தோண்டி எடுத்து, குழியில் நெருக்கமாக அறைவது. எலும்பும் சேர்ந்து இழந்தவருக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் எடுக்கும் இடத்திலும் குழி விழுவதால், ஏறக்குறைய 4 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இம்முறை எட்டாது. முளை ஒரு மில்லிமீட்டர் துருத்தி நின்றாலும் எதிர்ப்பரப்பு உரசும் என்பதால், அறுவை மருத்துவரின் கைப்பழக்கம் இங்கே மிக முக்கியம்.

4. செல் வளர்த்து வைத்தல். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சன், மாட்ஸ் பிரிட்பெர்க் குழுவினர் 1987-இல் முதல் நோயாளிக்குச் செய்து, 23 பேரின் முடிவை 1994-இல் வெளியிட்டனர். இது இரண்டு அறுவைகள் கொண்டது: முதலில் அரிசி மணிகள் அளவுக்குக் குருத்தெலும்பு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது, சில வாரங்கள் செல்கள் பெருகிய பின், மூட்டைத் திறந்து அவற்றைக் குழியில் வைப்பது. செல்களைக் கொலாஜன் விரிப்பில் படரவிட்டு ஒட்டும் வடிவத்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016 டிசம்பரில் அனுமதி அளித்தது. 2 சதுர சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குழிகளுக்கு இதன் பயன் நுண்துளையிடலைவிட நீடிக்கிறது. எலும்பு ஆழமாகப் பறிபோயிருந்தால் முதலில் இடுப்பெலும்பிலிருந்து எலும்புத் தூள் எடுத்து நிரப்பி, அதன் மேல் செல்களை வைக்க வேண்டும். செலவும் காத்திருப்பும் அதிகம். குமரியிலிருந்து செல்பவருக்குப் பயணமும் சேரும்.

இறந்தவரிடமிருந்து கொடையாகப் பெறும் முழு எலும்பு-குருத்துத் துண்டைப் பொருத்தும் முறையும் உண்டு. உயிருள்ள செல்களோடு குளிரில் வைத்துச் சில வாரங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதால், அதற்கான திசு வங்கிகள் வலுவாக உள்ள நாடுகளிலேயே அது பெரிதும் நடக்கிறது.

கால் வளைந்திருந்தால்

கணுக்கால்களைச் சேர்த்து நிற்கும்போது இரண்டு முட்டுகளுக்கும் இடையில் கையளவு இடைவெளி தெரிகிறவர்களுக்கு, உடல் எடை முழங்காலின் உட்புறத்தில் குவிகிறது. நேரான காலிலேயே உட்புறம் சற்றுக் கூடுதல் சுமையைத் தாங்குகிறது. வளைந்த காலில் அது பெருகுகிறது. அந்த உட்புறத்தில் விழுந்த குழியை எவ்வளவு நேர்த்தியாக நிரப்பினாலும், அதே சுமை அதே இடத்தில் தினமும் இறங்கினால் நிரப்பியது நொறுங்கும். இத்தகையோருக்குக் கணைக்கால் எலும்பின் மேற்பகுதியை ஒருபுறம் வெட்டி, ஆப்பு வடிவில் திறந்து, தகடு வைத்துக் காலை நேராக்கும் அறுவையைச் சேர்த்தோ முன்னதாகவோ செய்ய வேண்டும். அறுந்த லிகமென்டையும் கிழிந்த மெனிஸ்கஸையும் கவனிக்காமல் விட்டால் விளைவு இதேதான். குழியைப் பற்றி அரை மணி நேரம் பேசும் நாம், அந்தக் குழி ஏன் அங்கே விழுந்தது என்பதை அதே அக்கறையோடு கேட்பதில்லை.

ஊசிகளும் எண்ணெயும்

சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் ஊசி, லேசான தேய்மானத்தில் சிலருக்கு வலியைச் சில மாதங்கள் குறைக்கலாம்; விழுந்த குழியை அது மூடாது. ‘ஸ்டெம் செல் ஊசியில் குருத்தெலும்பு வளரும்’ என்ற விளம்பரங்களைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவானது: ரத்தம் தொடர்பான நோய்களுக்குச் செய்யப்படும் மஜ்ஜை மாற்றம் தவிர, பிற ஸ்டெம் செல் பயன்பாடுகள் முறையான ஆய்வுகளுக்குள் மட்டுமே அமைய வேண்டும். ஆய்வில் பங்கேற்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது.

குமரி மாவட்டத்தில் வர்ம ஆசான்களிடம் கட்டுப்போடும் மரபு வலுவானது; தசைப்பிடிப்புக்கும் சுளுக்குக்கும் ஆறுதல் பெற்றவர்கள் ஏராளம். அந்த மரபின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல் வீங்கினாலோ, சில்லு விலகித் திரும்பியிருந்தாலோ, நடக்கும்போது ஏதோ இடையில் சிக்கியதுபோல் கால் பூட்டிக்கொண்டாலோ, உள்ளே ரத்தம் கட்டியிருக்கவும் துண்டு பெயர்ந்திருக்கவும் வாய்ப்பு அதிகம். அந்தக் காலுக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தால், முதல் வாரங்களில் பொருத்தியிருக்கக்கூடிய துண்டு ஓரம் மழுங்கி, தன் குழிக்கே பொருந்தாமல் போய்விடும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகில் உள்ள எலும்பு மருத்துவரிடமோ முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

அறுவைக்குப் பின் வரும் மாதங்கள்

அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடியும். திசு முதிர்வதற்கு ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். தொடையெலும்பின் உருளையில் குழி நிரப்பப்பட்டவர், பொதுவாக 6 முதல் 8 வாரம் ஊன்றுகோலோடு, கால் தரையைத் தொட்டும் தொடாமலும் நடக்க வேண்டும். அதே நாட்களில் மூட்டை அசைக்காமல் வைத்திருக்கவும் கூடாது, ஏனெனில் மடக்கி நீட்டும் அசைவில்தான் புதிய திசுவுக்கு மூட்டு நீர் ஊறுகிறது. சில்லுக்குப் பின்னால் சிகிச்சை பெற்றவருக்குக் கணக்கு வேறு: பட்டை அணிந்து காலை நீட்டியபடி ஊன்றி நடக்கலாம், மடக்கும் அளவுக்குத்தான் கட்டுப்பாடு. குந்துவதும் தரையில் சம்மணமிடுவதும் பல மாதங்களுக்குப் பின்னரே. ஆகவே வீட்டில் மேற்கத்திய கழிப்பறையோ அதற்கான நாற்காலியோ அறுவைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ஓட்டமும் கால்பந்தும் நுண்துளையிடலுக்குப் பிறகு ஆறு முதல் ஒன்பது மாதம், செல் வளர்ப்புக்குப் பிறகு ஓராண்டு அளவில் கழித்தே. புகைப்பிடிப்பதும் கூடுதல் எடையும் எந்த முறையின் பலனையும் குறைக்கின்றன.

உடலுழைப்பால் வாழும் குடும்பத்துக்கு அறுவைக் கட்டணத்தைவிட இந்த மாதங்களின் வருமான இழப்பே பெரிய சுமை. ஆண்டு வருமானம் ₹1,20,000-க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை உதவுகிறது. ஆனால் குறிப்பிட்ட அறுவை அதன் பட்டியலில் இருக்கிறதா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அறுவையின் பெயரைச் சொல்லி முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பழைய, அசையாத குழிக்கு அவசரம் இல்லை. எனவே நாளைத் தொழிலைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடை. குளச்சலில் விசைப்படகில் போகிறவர் தடையின் தொடக்கத்தில் அறுவை செய்துகொண்டால், ஊன்றுகோல் வாரங்கள் அதற்குள் கழியும். ஆடும் படகில் காலூன்றி வலை இழுக்க அதற்கு மேலும் பல மாதங்கள் ஆகும் என்பதையும் சேர்த்தே வீட்டில் கணக்கிட வேண்டும். பால் வெட்டுகிறவர் மரம் இலை உதிர்த்து வெட்டு நிற்கும் காலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். துண்டு பெயர்ந்து கால் பூட்டிக்கொண்டவருக்கு மட்டும் இந்தத் தேர்வு கிடையாது. அவர் அந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.